டீச்சருக்கு நான் காட்டிய வானம்

கணவர் மௌத்தாகி, அவர் இல்லாத இரண்டாம் வருஷம், ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு மருதமுனை முழுக்கக் கரண்ட் போனது. மொட்டை மாடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கப் போயிருந்தேன். கொடியிலிருந்து துணியை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தால், கிழக்கே, கடலுக்கு மேல் ஒரியன் நட்சத்திரக் கூட்டம் உயர்ந்து நின்றது. இடுப்பில் மூன்று நட்சத்திரம், தோளில் சிவப்பாக ஒன்று. முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு தையிலும் அது வந்துதான் போயிருக்கும். நான்தான் நிமிரவில்லை.

இருபத்துநாலு வயதில், முதல் நியமனம் கிடைத்துக் கணிதம் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், எனக்கு இந்த வானம் பார்க்கும் பைத்தியம் இருந்தது. வாப்பாவின் பைனாகுலரும் ஒரு உடுத்தொகுதிப் படமும்தான் கைவசம். அதே பள்ளிக்கூடத்துக்குத் திருக்கோவிலிலிருந்து ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். பாண்டிருப்பில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கிழமையில் இரண்டு மூன்று நாள் எங்கள் கடற்கரை வீட்டு வளவுக்கு வருவார். மணலில் பாய் போட்டுப் படுத்தபடி இருவரும் வானம் பார்ப்போம். தன்னுடைய பிறந்த நட்சத்திரம் திருவாதிரை என்று ஒரு நாள் சொன்னார். ஒரியனின் தோளில் சிவப்பாக இருப்பது அதுதான் என்று நான் காட்டினேன். பிறகு வாப்பா டோர்ச் அடித்து அவரைப் பாண்டிருப்பில் விட்டுவிட்டு வருவார்.

தமிழ், முஸ்லிம் பிரச்சினை முற்றிய வருஷம் அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் இடையில் பாதை இருந்தும் இல்லாத காலம். ஒரு ஆமிச் சுற்றிவளைப்புக்கு முதல் நாள், இது கையில் அகப்பட்டால் எதற்கு என்று யாருக்கும் விளங்கப்படுத்த ஏலாது என்று சொல்லி, வாப்பா பைனாகுலரைக் கிணற்றில் போட்டார். நான் அழவில்லை. கல்யாணம், பிள்ளைகள், சுனாமி, கடலை விட்டு உள்ளே தள்ளிக் கட்டிய புது வீடு என்று நாட்கள் ஓடிவிட்டன.

கரண்ட் போன அந்த இரவைப் பற்றி கட்டாரில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். லீவில் வந்த ஒருவரிடம் அவன் ஒரு சின்னத் தொலைநோக்கி கொடுத்தனுப்பினான். பொருத்த இரண்டு நாள் பிடித்தது. பக்கத்து வளவில் இருக்கும், என்னை விட மூத்த ராத்தா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, நான் அடுத்த வீட்டு ஜன்னல்களைப் பார்க்கிறேன் என்று சனம் கதைக்கும் என்றார். நான் குழாயைக் கடற்பக்கம் திருப்பி வைத்துக் காட்டினேன். அவர் அதற்குப் பிறகு ஏறி வரவில்லை.

முதல் மாதம் ஒன்றும் சரிவரவில்லை. வியாழனைப் பிடித்தால் அரை நிமிஷத்தில் வட்டத்தை விட்டு நழுவும். உப்புக்காற்றில் கண்ணாடி மங்கும். கண்ணும் பழைய கண் இல்லை. ஆனாலும் ஒரு நாள் வியாழனும் அதன் பக்கத்தில் நாலு சின்னப் புள்ளிகளும் தெளிவாக வந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மகளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பனி படாமல் இருங்க உம்மா என்று பதில் வந்தது. அப்போதுதான் டீச்சரைத் தேட நினைத்தேன்.

பழைய ஆசிரியர்களிடம் விசாரித்ததில் திருக்கோவிலில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடிய பஸ் பயணம். இத்தனை வருஷம் அது எனக்கு வெளிநாட்டை விடத் தூரமாக இருந்திருக்கிறது.

வாசலில் அவர் என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிளேன்டீ தந்தார். முழங்கால் வலி, சீனி வருத்தம், பேரப்பிள்ளைகள் எல்லாம் கதைத்தோம். இருவரும் தொடாமல் விட்ட கதைகளும் இருந்தன. வாப்பாவை விசாரித்தார். உம்மா சுட்டுத் தந்த ரொட்டியை நினைவு வைத்திருந்தார். நான் தொலைநோக்கியைப் பற்றிச் சொன்னேன். திருவாதிரையைக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு உண்மையச் சொன்னா என்ன, டீச்சர். எனக்கு வானத்தில ஒண்டும் பிடிபடல்ல. நீங்க காட்டின பக்கம் பாத்துட்டு ஓம் ஓம் எண்டு சொல்லுவன்."

"அப்ப ஏன் டீச்சர் வந்தீங்க?"

"அந்த அறையில தனிய இருக்கப் பயம். நீங்க கதைக்கிறதக் கேட்டுட்டுப் போய்ப் படுத்தா நித்திரை வரும்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வானத்தை இரண்டு பேராகப் பார்த்தோம், அதை இரண்டு பேராக இழந்தோம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்தப் பாயில் நான் தனியாகத்தான் பார்த்திருக்கிறேன். அக்கரைப்பற்று தாண்டிய பிறகு கோபம் தணிந்தது. பக்கத்தில் படுத்திருந்தவரின் பயம் எனக்கு ஒரு நாளும் தெரியவில்லையே என்று நினைத்தேன். இருட்டுக்குள் எட்டாத் தூரத்தில் இருப்பதை எல்லாம் பெயர் சொல்லிக் காட்டியவள், ஒரு முழம் தள்ளி இருந்த முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை அவரைப் போனில் கூப்பிட்டேன். வானத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முழங்காலுக்கு என்ன எண்ணெய் போடுகிறார் என்று கேட்டேன். இப்போது இடைக்கிடை போனில் கதைக்கிறோம். அவர் இங்கே வரப்போவதில்லை, மாடிப்படி ஏற ஏலாது.

நான் இஷா தொழுதுவிட்டு மாடிக்குப் போகிறேன். ஒரு கொப்பியில் வியாழனின் நிலாக்கள் நிற்கும் இடத்தைப் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரம் எழுதுகிறேன். நேற்று மூன்றுதான் இருந்தன. நாலாவது வியாழனுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். குழாயை நகர்த்தி நகர்த்திக் காத்திருந்தேன். ஒன்றேகால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஓரத்தில் ஒரு ஊசிமுனை அளவு வெளிச்சம் பிரிந்து வந்தது.

"வந்திட்டு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கடல் சத்தம் கேட்டது. ராத்தாவின் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. நேரத்தை எழுதினேன்.