இஸ்திகாரா தொழுதுவிட்டு அல்லாஹ்வோடு கோபித்துக்கொண்டேன்

சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

நான் அலுவிகாரையைச் சேர்ந்தவள். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த பிறகும் ஒழுங்கான வேலை இல்லாமல் இருந்தேன். போன வருடம் கண்டியில் ஒரு கம்பெனி, சட்ட அதிகாரி வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. அந்த வேலை எனக்கு நல்லதா என்று அல்லாஹ்விடம் கேட்டு இஸ்திகாரா தொழுதேன். தொழுதேன் என்று பெயர்தான். மனதுக்குள் வேலையை எப்போதோ எடுத்தாயிற்று. கண்டியில் தங்க அறைகூடப் பார்த்துவிட்டேன்.

போனால், சட்டத்தில் இரண்டு கேள்வி. டக்கென்று பதில் சொன்னேன். பிறகு கல்யாணம் எப்போது என்றார்கள். பிள்ளை பிறந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா என்றார்கள். இதற்கா இத்தனை வருடம் கண் விழித்துப் படித்தேன்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த கிழமை ஈமெயில் வந்தது, வருந்துகிறார்களாம். யாருக்கு வேண்டும் அவர்கள் வருத்தம்!

அழுதேன். கத்தினேன். உம்மா பயந்து அடுப்படிக்குப் போய்விட்டார். என் தங்கைதான் வாயைத் திறந்தாள்.

"ராத்தா, இஸ்திகாராவுல என்ன கேட்ட? நல்லதுண்டா தா, கெட்டதுண்டா திருப்பிடுண்டு தானே? திருப்பிட்டான். இப்ப ஏன் அவனோட கோவிக்கிற?"

வந்த ஆத்திரத்துக்கு அவளை அறைந்திருப்பேன். ஆனால் அவள் சொன்னது சரி. அந்த துஆவின் முடிவில், நன்மை எங்கிருந்தாலும் அதைத் தந்து என்னைத் திருப்திப்படுத்து என்றும் கேட்கிறோம். அதை நான் வாயால் மட்டும் ஓதியிருந்தேன். மஃரிப் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "யா அல்லாஹ், எனக்குத் திருப்தி இல்லை. கொஞ்சமும் இல்லை. அதையும் நீதான் தர வேண்டும்" என்று அழுதேன்.

சில நாளில், வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியை அவர் என்னிடம் அனுப்பினார். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், கையில் பிள்ளைகள். செலவுக்குப் பணம் கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போடப் பயந்துகொண்டிருந்தாள்.

"ஆம்பள வக்கீல்கிட்ட இதையெல்லாம் எப்படிங்க சொல்றது? அதுவும் சிங்களத்துலன்னா எனக்கு வாயே வர மாட்டேங்குது மிஸ்."

என்னிடம் ஒன்று விடாமல் தமிழில் சொன்னாள். வழக்கை எடுத்தேன். மாதாமாதம் பணம் கட்டும்படி நீதவான் புருஷனுக்கு உத்தரவிட்டார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேற ஊருக்கு வேலைக்குப் போயிருந்தா, நா யார்கிட்டங்க போயிருப்பேன்?"

 அல்ஹம்துலில்லாஹ் என்றேன், இந்தத் தடவை மனதார.

அவள் சொல்லி இப்போது எத்தனையோ பெண்கள் வருகிறார்கள். சொந்தமாகத் தொழில் நடத்துகிறேன். அந்தக் கண்டிக்காரர்கள் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் சகோதரிகளே, அல்லாஹ்விடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே போங்கள். நான் அப்படித்தான் போனேன், அவன் என்னைத் துரத்தவில்லை.