அக்கா குடித்த பால்

வரும் ஆனி மாதத் திதியோடு அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அக்காவுடன் பிறந்தவன் நான் ஒருவனே என்பதால் இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பள்ளி நாள் முதல் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. கிழமையும் மாதமும் அதைப் பார்த்தே எழுதியிருக்கிறேன்.

ஜப்பான்காரர் ஆட்சி முடிந்த மறு ஆண்டு, பந்திங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அப்பாவுக்குக் காசநோய் கண்டபோது ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனார். அப்போது எனக்கு ஐந்து வயது. நான் கிள்ளானில் தங்கிப் படித்து, அரசாங்க அலுவலகத்தில் எழுத்தரானது அக்காவின் அந்தக் கைகளால்தான். பத்தொன்பதாம் வயதில் அத்தானை மணந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வந்தார். சாந்தியும் முகிலனும் அங்கே பிறந்தார்கள். திருமணமான ஆண்டு தொடங்கி ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தைக்கூட அக்கா விட்டதில்லை. காலையில் விளக்கேற்றி ஒரு தம்ளர் பால், பிறகு மாலையில்தான் சோறு.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் அக்காவின் கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை குறிக்கப்பட்டது. சாந்தி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அம்மா படுத்துவிட்டால் வளைகாப்பு நடக்காதே என்று, அதை முன்னே இழுத்து அதே வாரம் புதன்கிழமை வைத்தார்கள். முகிலனுக்கு அடுத்த திங்கள் எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வு.

வளைகாப்புக்கு வந்த அத்தானின் தமக்கை, பிள்ளைகள் பந்திங் அத்தை என்று அழைப்பவர், குடும்பத்தோடு தங்கிவிட்டார். இரண்டு அறை வீட்டில் பதினோரு பேர், ஒரே குளியலறை.

"நாங்க ஒத்தாசைக்குத்தான் இருக்கோம், நீ போய் படு," என்பார் அத்தை. அடுத்த மூச்சிலேயே, "அந்தச் சம்பலுக்குக் கொஞ்சம் புளி கூட்டும்மா, என் பையனுக்கு உறைக்கும்," என்பார்.

அக்கா படுக்கவில்லை. பத்து நாளைக்கு வேண்டிய மிளகாய்த் தூளும் பருப்பும் பிஸ்கட் டின்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். மருத்துவமனைக்கென்று இரண்டு கைலிகளை மடித்து வைத்த பையை வியாழன் மாலை திறந்தால், உள்ளே மீந்த வளையல்களும் யாரோ ஒரு பிள்ளையின் ஈரக் கால்சட்டையும் இருந்தன.

அன்று மாலையே வார்டில் சேர்ந்திருக்க வேண்டியவர் அவர். வீடு நிறைய ஆள் என்று கெஞ்சி, வெள்ளி காலை ஏழு மணிக்கு வர அனுமதி வாங்கியிருந்தார். நான் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடுப்படியில் நின்றார். மருத்துவமனைச் சீட்டை நீட்டினார்.

"இதப் படி தம்பி. முகிலன கூப்பிடாத, அவன் பாடம் படிக்கட்டும். புவாசா புவாசான்னு ஆஸ்பத்திரி மிஸ்ஸி என்னமோ சொன்னாங்க."

நள்ளிரவு பன்னிரண்டு முதல் புவாசா என்று மலாயில் இருந்தது.

"புவாசான்னா விரதம்க்கா. பன்னண்டு மணியிலேர்ந்து விரதம்."

அப்படியே சுவரில் இருந்த நாட்காட்டியின் வெள்ளிக்கிழமைத் தாளில், 'இரவு 12 முதல் விரதம்' என்று தமிழில் எழுதியும் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை நான் எப்பவும் விரதம்தானே. இதுக்கா ஒரு சீட்டு?" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

மலாய்க்காரர் புவாசாவில் பகல் முழுதும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பருக மாட்டார்கள். நம் விரதத்தில் பாலுக்கும் பழத்துக்கும் இடம் உண்டு. இரண்டும் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரர் நோன்பிருப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறவன் நான். தண்ணீர்கூடக் கூடாது என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

வெள்ளியன்று, குளியலறைக்கு வரிசை கூடும் முன்னே, ஐந்து மணிக்கு அக்கா குளித்து விளக்கேற்றினார். வழக்கம்போல் ஒரு தம்ளர் பால் குடித்தார். ஏழு மணிக்கு வார்டில், காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று மலாய்த் தாதி கேட்டார்.

"தா மாக்கான், மிஸ்ஸி. மினும் சூசு சாஜா," என்றார் அக்கா. சாப்பிடவில்லை, பால் மட்டும் குடித்தேன் என்று. விரதம் காத்த நிறைவு அந்தக் குரலில் இருந்தது.

தாதி பேனாவைக் கீழே வைத்தார். மருத்துவர் வந்தார். வயிற்றில் பால் இருக்க மயக்க மருந்து கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும், உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். அன்றைய அறுவை நின்றுபோனது; அடுத்த இடம் ஏழு வாரம் கழித்துத்தான் இருந்தது.

வீடு திரும்பியதும் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பச்சப் புள்ளைக்குக்கூட தெரியும்லா, ஆபரேஷனுக்கு வயித்தக் காலியா வைக்கணும்னு."

"எனக்குத்தான் மலாய் சரியா வெளங்கல அண்ணி," என்ற அக்கா, நேரே போய் நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கசக்கினார்.

"இன்னும் பொழுது சாயல, அதுக்குள்ள ஏன் கிழிக்கிற?" என்றார் அத்தான்.

"இந்த நாளு போதும்," என்று சொல்லிவிட்டுப் பதினோரு பேருக்கு அரிசி களைந்தார்.

தை மாதம் அறுவை நடந்தது. வயிற்றைத் திறந்து பார்த்து, நோய் பரவிவிட்டது என்று அப்படியே மூடிவிட்டார்கள். ஏழு வாரத்துக்கு முன்பே செய்திருந்தால் என்று மருத்துவரைத் தனியே கேட்டேன். "சொல்ல முடியாது," என்றார். அன்றைய நாட்குறிப்பில் அந்த இரண்டு சொற்கள் மட்டும் இருக்கின்றன.

மாசியில் சாந்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேரனை அக்காவின் பக்கத்தில் கிடத்துவோம். தூக்கக் கையில் வலு இல்லை. பங்குனியில் ஒரு பிற்பகல், அத்தானிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லி? அவரு அப்புறம் உன் மொகத்துல முழிக்க மாட்டாரு. பிள்ளைங்களுக்கு மாமன்னு இருக்கறது நீ ஒருத்தன். நாளைக்கு முகிலன் கல்யாணத்துல யாரு நிப்பா? வாய மூடிக்கிட்டு இரு."

அதன்படியே இருந்தேன். ஆனியில் ஒரு வியாழன் முற்பகல், வாயில் அத்தான் தண்ணீர் ஊற்ற, அக்காவின் உயிர் பிரிந்தது.

இரத்தம் கொடுத்த அத்தானின் பணிமனைத் தோழர்களுக்கும், ஐந்து மாதம் முகம் சுளிக்காமல் அக்காவின் துணி துவைத்த பந்திங் அத்தைக்கும், செந்தூலிலிருந்து நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த சாந்தியின் மாமியாருக்கும், அந்தத் தாதிக்கும் எங்கள் நன்றி.

துக்கத்துக்கு வந்தவர்கள் பலர், படிப்பில்லாததால் அக்கா பாலைக் குடித்துத் தன் உயிரைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று பேசியதை இந்த ஓராண்டாகக் கேட்டு வருகிறேன். அத்தான் முதன்முறையாக இதை இம்மலரில்தான் படிப்பார். அவர் என்ன முடிவு செய்தாலும் அதற்குக் கட்டுப்பட்டவன் நான். உங்களிடம் வேண்டுவது ஒன்றுதான். அக்காவின் பேச்சு எழும்போது, விரதம் என்று சொல்லிக்கொடுத்தவன் தம்பி, அதை நம்பியவர் அக்கா என்று சொல்லுங்கள்.