கலுங்கில் குடிவைத்த லெட்சுமி

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் செட்டியார் ஒருவர் படகு விடுவதற்கென்றே ஒரு குளம் கட்டினார். பாசனத்துக்கு இல்லை, குடிக்க இல்லை, குளிக்கக்கூட இல்லை. ரங்கூனில் வெள்ளைக்காரர்கள் சாயங்காலம் படகேறிச் சும்மா போய்ச் சும்மா திரும்புவதைப் பார்த்துவிட்டு வந்தவர். அதில் அப்படி என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தன் பங்களாவுக்குப் பின்னால் ஓடிய ஓடையை மறித்துச் செம்மண் கரை போட்டார். கரைக்கு நேர் கீழே எங்கள் வயல். எங்களுக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

கரையைக் குறை சொல்ல மாட்டேன். மண் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து ஏற்றினோம். அலை அரிக்காமல் இருக்க உள்பக்கம் கல் பதித்தோம். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேற ஓரமாக ஒரு கலுங்கு விட்டோம். கரை உச்சியைவிட இரண்டு முழம் தாழ்வான கல் வாய் அது. அதில் போகிற தண்ணீர் வயலைத் தொடாமல் பழைய ஓடைக்குப் போய்விடும்.

முதல் மழைக்கே கலுங்கு பாய்ந்தது. செட்டியார் பதறிவிட்டார். கொல்லைப்பக்கமாக ஓயாமல் தண்ணீர் வெளியேறினால் வீட்டு லெட்சுமியும் கூடவே வெளியேறிவிடுவாளாம். கொத்தனாரை வரவழைத்து, கரை உயரத்துக்குச் செங்கல் வைத்துக் கலுங்கை அடைத்தார். அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. வெளிப்பக்கம் இரண்டு யானைகளோடு சுதையில் ஒரு கஜலெட்சுமி.

"ஐயா, தண்ணி எங்குட்டுப் போகும்?" என்று கேட்டேன்.

"ஏன் போகணும்ங்கிறேன்? இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

மிச்சத் தண்ணீரை அந்த யானைகள் குடித்துத் தீர்க்கும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். என் பெண்டாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சுதைக்குப் பூ வைத்துவிட்டு வருவாள். "சாமியைக் கேலி பேசாதீக, நாக்கு அழுகிப்போகும்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

மறு வருடம் கார்த்திகையில் நான்கு நாள் விடாத அடைமழை. எங்கள் நெல் பால் பிடித்து நின்றது. முந்தின வருடம் பூராவும் மணி பிடிக்காமல் சாவியாகப் போயிருந்ததால், அந்தக் கதிரைத்தான் நம்பியிருந்தோம். நான்காம் நாள் காலையில் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நானும் அவளும் கரைக்கு ஓடினோம். தண்ணீர் உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. கரையடியில் எப்போதும் கொஞ்சம் கசியும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. அன்று செக்கச்செவேலென்று கசிந்தது. கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்.

செட்டியார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். "ஐயா, கலுங்கைத் தொறக்கணும்" என்றேன்.

"லெச்சுமியை இடிக்கச் சொல்றியா? இடிக்கிறவன் குடும்பம் விளங்காதப்பா" என்றார்.

கடப்பாரையை ஓங்கினேன். அம்மன் என்னையே பார்த்தாள். கை இறங்கவில்லை. ஊரெல்லாம் நையாண்டி பேசிய சூரன், ஓங்கிய கடப்பாரையோடு அப்படியே நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்ன நிக்கிறீக!" என்று பெண்டாட்டி கடப்பாரையைப் பிடுங்கினாள். கலுங்கின் ஓரக் கல்லில் ஏறி, "ஆத்தா, கோவிச்சுக்கிறாத" என்று சொல்லிவிட்டு ஓங்கிப் போட்டாள். முதல் அடி யானைக்கு, சாமிக்கு அடுத்ததுதான். நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அந்த உதவியாவது செய்தேன். மேல்வரிசைச் செங்கல் பெயர்ந்ததும் மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. செட்டியார் குடையைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் குளம் இறங்கியது. கசிவு தெளிந்தது. கரையும் நின்றது, கதிரும் நின்றது.

வரப்பில் திரும்பி நடக்கையில் அவள் கலுங்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பயமா இல்லையா உனக்கு?" என்றேன்.

"பயமில்லாமயா? போன வருசம் தினமும் பசியில்ல பசியில்லன்னு எலையை விட்டு எந்திரிச்சீகளே, இன்னொரு வருசம் அதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீகளா?"

அது பொய்யென்று அவளுக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.