நான்காவது ஷிப்டுக்கு எழுதிய பெயர்

ஊசியைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் மணியடித்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை இறக்குகிறவர். ஊரெங்கும் பரவிய வாந்திபேதியில் வற்றிப்போய்க் கிடந்தார். எதிரே சலைன் பாட்டிலோடு எங்கள் ஆஸ்பத்திரியின் வார்டு சிஸ்டர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை, செவ்வாய்க்கிழமை. ஷிப்டு மாறும் பகல் இரண்டு மணிச் சங்கு அப்போதுதான் அடங்கியிருந்தது.

"நேத்து ரெண்டு மணி சங்குக்கு வந்தீங்க. ராத்திரியும் நீங்க, காலையிலயும் நீங்க. இப்பவும் நீங்கதானா?" என்றார் பெரியவர்.

"கையைக் குடுங்க. இது இன்னா உங்க சுரங்க ஷாப்டா?"

"ரெண்டு ஷிப்ட் பார்த்தவனை நான் கேஜ்ல ஏத்தமாட்டேன் சிஸ்டர். எங்க அண்ணனா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். தூங்கிட்டு வந்து குத்துங்க."

கேட்டவர்கள் சிரித்தார்கள். சிஸ்டர் முறைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இவங்க பேரை எழுதினது யாருப்பா?" என்று கேட்டார் பெரியவர். நான்தான். டியூட்டி அட்டவணை எழுதும் கிளார்க். மற்ற நர்சுகளில் பாதிப்பேர் அதே நோயில் படுத்திருந்தார்கள். கட்டங்களை நிரப்ப எனக்கு இந்தப் பெயர்தான் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகாகவே எழுதியிருந்தேன்.

யாரையும் கேட்காமல் அந்தப் பெயரை அடித்தேன். டாக்டரை அழைத்துவந்தேன், ஊசிகளை அவரே போட்டார். எழுந்து உட்கார முடிந்த நோயாளிகள், பக்கத்துக் கட்டில்களில் பாட்டில் தீரும்போது குரல் கொடுத்தார்கள். துணி அறை பெஞ்சில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சிஸ்டர் தூங்கினார். அரைமணிக்கு ஒருமுறை போய் எட்டிப்பார்த்தேன். என் காலடிச் சத்தத்தில் விழித்துவிடுவாரோ என்று பயம். விழிக்காமலே போய்விடுவாரோ என்றும் பயம்.

ஐந்தரை மணிக்கு அவரே வந்து நின்றார். "என் பேரை அடிக்க நீ யாரு?" என்றவர், அட்டவணையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, நாளைக்கு யாரைப் போடுவே?"

என் பேனாவைப் பிடுங்கி, மறுநாளின் இரண்டு கட்டங்களில் தன் பெயரைத் தானே எழுதிவிட்டு வார்டுக்குள் போனார்.

சுரங்கம் மூடியாயிற்று, சங்கும் நின்றுவிட்டது. ஆனாலும் பகல் இரண்டு மணியானால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. அந்த வார நாட்குறிப்பை எடுத்துப் புரட்டுகிறேன். குழாயில் தண்ணீர் வந்த நேரம் இருக்கிறது. குணமாகி வீட்டுக்குப் போனவர்களின் பெயர் இருக்கிறது. சிஸ்டர் மூன்று மணி நேரம் தூங்கினார் என்பதும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் நின்றார் என்பதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.