பதினொன்றிலிருந்து மூன்றரை வரை

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக் கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று இரண்டு வாரம் கணக்கெடுக்கிறார்களாம். வந்திருந்த கன்னடத்து அக்கா மணிவாரியாகக் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, எப்போது எதைப் போடுகிறோம் என்று எழுதி வைக்கச் சொன்னார். வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பொறுப்பு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பகல் கட்டங்களைக் காலியாகவே விட்டேன். அப்பா ஏழு மணிக்கே டிபன் பாக்ஸோடு கம்பெனிக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. எங்களிடம் ஃப்ரிட்ஜும் கிடையாது. பூட்டிய வீட்டில் யார் ஸ்விட்ச் போடுவது?

முதல் வாரம் முடியும் தறுவாயில் அக்கா வந்தபோது நான் மட்டும் இருந்தேன். பெட்டியில் பதிவானதைப் போனில் பார்த்தவர், தினமும் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை ஃபேனும் டிவியும் ஓடுகிற அளவுக்குக் கரண்ட் போகிறதே, யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொய் எழுதியதாக நினைத்துவிட்டாரோ என்று பயந்தேன். அவர் போன பிறகுதான் அதைவிடப் பெரிய பயம் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பாத்ரூம் கதவைக் குடையால் தள்ளினேன். டிவியின் பின்பக்கத்தைத் தொட்டால் இன்னும் சூடு இருந்தது. ஓடிவந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும், யாரோ கள்ளச்சாவி போட்டு உள்ளே வருகிறான், போலீஸில் சொல்லலாம் என்று அழுதேன். அப்பா சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி அப்படியே நின்றார்.

"போலீஸெல்லாம் வேணாம்மா. நான் பாத்துக்கறேன், இனிமே வரமாட்டான்" என்றார். "அம்மாகிட்ட சொல்லாத. பயந்துக்குவா."

இரண்டு வாரமும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பெட்டியைக் கழற்ற வந்தார். அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருந்தார்கள். இரண்டாம் வாரம் பகலில் கரண்டே ஓடவில்லை. முதல் வாரம் மட்டும் ஏன் அப்படி என்று போனில் இருந்த கோட்டைக் காட்டி அம்மாவிடம் கேட்டார். அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

"நான்தான் உடம்பு சரியில்லன்னு லீவு போட்டு வீட்ல இருந்தேன். பாப்பாகிட்ட சொல்லல" என்றார் அம்மா.

அம்மா ஒருநாள்கூட லீவு போடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தொடையில் கிள்ளிவிட்டார்.

அப்பாவுக்கு வேலை போய் அப்போதே ஒரு மாதம் ஆகியிருந்தது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அந்த இரண்டாம் வாரம் முழுக்க அவர் முகம் வெயிலில் கறுத்து, கணுக்கால்வரை புழுதியோடு வந்தார். வந்ததும் கால் கழுவத் தண்ணீர் கேட்பார். நான் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திருடன் இன்றைக்கும் வரவில்லை அப்பா என்று தினமும் சந்தோஷமாகச் சொன்னேன்.