பாதி பைபிள்

பழைய புத்தகங்களின் கட்டுமானத்தைச் செப்பனிடும் என் திருத்தணிப் பட்டறைக்கு அந்த அம்மா கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, இறுக்கிய கொண்டை. தோல் அட்டை போட்ட குடும்ப பைபிளை மேசையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

அதை வாங்கிப் பார்த்து, சேதங்களை வரிசையாகக் குறித்தேன்: வெடித்த தோல், பூச்சி அரிப்பு, புத்தக முதுகில் கத்தி வெட்டு. முன்பாதியான பழைய ஏற்பாட்டை மொத்தமாகவே காணோம்.

"சொத்து பாகம் பிரிச்சப்போ என் தம்பி அறுத்து எடுத்துகினான்," என்றார்.

"அந்தப் பாதியும் கெடச்சா ஒண்ணா தைச்சிடலாம்மா."

உடனே தம்பியை போனில் கூப்பிட்டு என்னிடம் நீட்டினார். "இதை அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். "நாளைக்கே எடுத்துகினு வரேன்க்கா!" ஸ்பீக்கரில் தம்பி அவசரமாகச் சொன்னார்.

"வராதே," என்று அந்த அம்மா போனை வாங்கி வைத்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அப்போ இதைத் தனியா, கெட்டியா தைச்சிடட்டுமா?"

"வேணாங்க. பிரிக்கிற மாதிரியே தைங்க. சேர்க்க முடியும்னு தெரிஞ்சு அவன் வருஷா வருஷம் வந்து கேக்கணும். நான் மாட்டேன்னு சொல்லணும்."

பின்னால் பிரிக்க முடியாத எந்த வேலையையும் செய்யக்கூடாது என்பதுதான் நான் படித்த படிப்பின் முதல் விதி. அதன்படியே தைத்தேன். என் கையிலிருந்து போனவற்றில் மிக அழகான தையல் இன்றுவரை அதுதான்.