பரந்தன் சந்தியில் ஒரு வழியனுப்பல்

பரந்தன் சந்தியில் யாழ்ப்பாணம் போகிற பஸ் இரைந்துகொண்டு நிற்கிறது. நான் யன்னலோரம் இருந்து வேர்க்கிறேன். மிதிபலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஓர் உதைபந்து மாஸ்டர் வழியை மறிக்கிறார். உள்ளூர்ப் போட்டியை விட்டு யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளின் போட்டியில் தன் பள்ளிக்கூடத்தைச் சேர்க்கப் புறப்பட்டவருக்கு இப்போதுதான் பயம் வந்திருக்கிறது. கொண்டக்டர் பல்லைக் கடிக்கிறார்.

"இஞ்ச எண்டால் வருசா வருசம் கப் எங்களுக்குத்தான். அங்க சப்பாத்துப் போட்டவங்கள் எங்கட பெடியளை மிதிச்சுப்போடுவாங்கள்."

"விசர்க் கதை கதையாதேங்கோ மாஸ்டர்! உங்கட பெடியளின்ர திறமைக்கு இந்தக் காடு போதாது!" என்று ஒரு வேட்டிக்காரர் அவருடைய பையைப் பறித்து உள்ளே எறிகிறார். பிறகு அவரையும் முதுகில் கைவைத்து ஏற்றிவிடுகிறார்.

இப்படியும் ஒரு நல்ல மனிதரா! நான் யன்னலால் தலையை நீட்டி, "நீங்களும் அந்தப் பள்ளிக்கூடமோ?" என்று கேட்கிறேன்.

"இல்லைத் தம்பி, நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். ஒவ்வொரு முறையும் பைனல்ல இவையிட்டத்தான் தோக்கிறம்."

பஸ் நகர்கிறது. அவர் கூடவே ஓடிவந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"ஆள் வழியில ஆனையிறவில இறங்கித் திரும்பி வராமல் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ."